பரணில் கிடைத்த பழைய டிஃபையன்ட்: பாதி ஒட்டிய கிட்டை என்ன செய்யலாம்?

பரண்பெட்டி:
எல்லோருக்கும் வணக்கம். பெரம்பூரில் சித்தப்பா வீட்டுக்கு வெள்ளையடிக்கப் பரணைக் காலி செய்தோம். பித்தளைப் பாத்திரங்களுக்கு அடியில் ஒரு பெட்டி. ஏர்ஃபிக்ஸ் கம்பெனியின் பிளாஸ்டிக் விமான கிட், பாகங்களை நாமே ஒட்டிக் கட்டுவது. நிஜத்தில் 72இல் ஒரு பங்கு (1/72) அளவு, இரண்டாம் உலகப் போர்க் காலத்து பிரிட்டிஷ் சண்டை விமானமான போல்டன் பால் டிஃபையன்ட். சித்தப்பா ஐ.சி.எஃப்.பில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் மூர் மார்க்கெட்டில் வாங்கியதாம். மார்க்கெட் எரிந்தது 1985 மே மாதம், ஆக அதற்கு முன்பு. "நான் கேட்டது ஸ்பிட்ஃபயர். அவன்கிட்ட இதுதான் இருந்துது" என்கிறார்.

நிலவரம் இதுதான். உடலின் இரண்டு பாதிகளையும் ஒட்டியிருக்கிறார், இறக்கையையும் மாட்டியிருக்கிறார். வாலின் குறுக்கு இறக்கைகளில் ஒன்று தொங்குகிறது. அடிப்பக்கம் முழுக்க நீலம், அந்தக் காலத்தில் சைக்கிளுக்கு அடிக்க வைத்திருந்த எனாமல் பெயிண்ட். இடது இறக்கையின் அடியில் அவருடைய கட்டைவிரல் ரேகை பிளாஸ்டிக்கிலேயே பதிந்து கிடக்கிறது. மற்ற பாகங்கள் எல்லாம் இன்னும் அவற்றோடு சேர்த்து வார்த்த பிளாஸ்டிக் சட்டத்தில்தான். டெக்கால் தாள் (விமானத்தின் மேல் ஒட்டும் சின்னங்கள், எழுத்துகள்) டீ கொட்டிய நிறத்தில் இருக்கிறது. உள்ளே உட்கார வேண்டிய இரண்டு பேரில் ஒருவரைக் காணோம்.

நான் இதுவரை கட்டியது இரண்டே இரண்டு புது கிட். இதைத் தொடலாமா, அப்படியே வைத்துவிடலாமா?

சீல்பிரிக்காதவன்:
தொடாதீர்கள். பெட்டியைத் துடைத்து, உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு அலமாரியில் வையுங்கள். மூர் மார்க்கெட்டில் வாங்கிய கிட் என்று சொல்லிக்கொள்ள இந்த ஊரில் எத்தனை பேரிடம் மிச்சம் இருக்கிறது? அந்தக் கட்டடமே இல்லை. அந்த இடத்தில் இப்போது மின்சார ரயிலுக்கு டிக்கெட் எடுக்கிறோம்.

வாட்டர்பேப்பர்400:
சீல் அண்ணே, நீங்கள் சொல்வது பிரிக்காத பெட்டிக்குச் சரி. பாதி ஒட்டி, சைக்கிள் பெயிண்ட் அடித்த கிட்டுக்குச் சேகரிப்பவர் சந்தையில் ஒரு விலையும் கிடையாது. பெட்டி வேண்டுமானால் விலை போகும்.

பரண்பெட்டி தம்பி, ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். சரியான டிஃபையன்ட்தான் வேண்டுமென்றால் ஏர்ஃபிக்ஸே 2015இல் புது டை (வார்ப்பு அச்சு) போட்டு வெளியிட்டது. எல்லாம் துல்லியமாக உட்காரும். உங்களிடம் இருப்பது அதற்கு ஒரு தலைமுறை முந்தையது. இடைவெளி இருக்கும், பிசிறு இருக்கும், மேலெல்லாம் ரிவெட் புள்ளி இருக்கும். அது தெரிந்து கட்டுவதென்றால் கட்டுங்கள். நானாக இருந்தால் நாளைக்கே ஆரம்பித்துவிடுவேன்.

அம்பத்தூர்_டை:
இருபது வருடமாக அம்பத்தூர் எஸ்டேட்டில் இஞ்சக்‌ஷன் மோல்டிங் (உருக்கிய பிளாஸ்டிக்கை டைக்குள் செலுத்தி வார்ப்பது) பார்க்கிறேன். என் பங்குக்குச் சிலது சொல்கிறேன்.

முதலில் சட்டத்தோடு எல்லாவற்றையும் சோப்புத் தண்ணீரில் கழுவுங்கள். டையிலிருந்து பாகம் ஒட்டாமல் வர ரிலீஸ் ஏஜென்ட் அடிப்பார்கள். அது எண்ணெய்ப் பசை போலத் தங்கிவிடும், பெயிண்ட் பிடிக்காது. நாற்பது வருடத்துப் பரண் தூசியும் போகும்.

பிசிறு எப்படி வருகிறது என்றால், டையின் இரண்டு பாதியும் சேரும் விளிம்பு தேயத் தேய, அந்தச் சந்தில் பிளாஸ்டிக் கசிந்து மெல்லிய தகடாக நிற்கும். பிளேடை வெட்டுவது போலப் பிடிக்காமல், நிமிர்த்திப் பிடித்துச் சுரண்டுங்கள்.

இறக்கை முறுக்கியிருக்கிறதா என்று பாருங்கள். பாலிஸ்டைரின் இளகுவது கிட்டத்தட்ட 100 டிகிரியில். மொட்டைமாடிக்குக் கீழே இருக்கும் பரண் சித்திரையில்கூட அந்தச் சூட்டுக்குப் போகாது. ஆனால் மேலே பித்தளை அண்டாவை நாற்பது வருடம் ஏற்றி வைத்தால் மெல்ல மெல்ல வளையும். அடுப்பை அணைத்த பிறகு, கை பொறுக்காத ஆனால் கொதிக்காத வெந்நீரில் அந்த இடத்தை மட்டும் அரை நிமிடம் முக்கி, கையால் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, பச்சைத் தண்ணீரில் விடுங்கள். ஒரே தடவையில் நிமிர்த்தப் பார்த்தால் "டப்" என்று போய்விடும்.

தொங்கும் வால் இறக்கையைக் கழற்றுவதுதான் வம்பு. கிட் ஒட்டும் பிளாஸ்டிக் சிமென்ட் என்பது வெறும் ஒட்டுப் பசை இல்லை. இரண்டு பக்கத்தையும் கரைத்து ஒன்றாக்குகிறது, ஒரு வகை வெல்டிங். நன்றாகக் கரைந்திருந்தால் பிரிக்க முடியாது, ரம்பத்தால்தான் அறுக்கணும். அந்தக் காலத்து ட்யூப் பசையைத் தடிமனாகப் பூசியிருந்தால் ஓரளவு வாய்ப்பு உண்டு. ஒரு ராத்திரி ஃப்ரீசரில் வைத்து எடுத்து, லேசாக முறுக்கிப் பாருங்கள். சில சமயம் பசை மட்டும் விட்டுக்கொடுக்கும்.

குரோம்பேட்டை_குருவி:
புதியவன். நீலப் பெயிண்டை எப்படி எடுப்பது? தின்னர்?

வாட்டர்பேப்பர்400:
ஐயோ, என்.சி. தின்னர் பக்கமே போகாதீர்கள். பெயிண்டோடு விமானமும் கரைந்துவிடும். அதே காரணத்துக்காகத்தான் வண்டிக்குப் போடும் என்.சி. பட்டியும் வேண்டாம் என்பேன்.

டெட்டால். ஆமாம், வீட்டில் இருக்கும் அதே பழுப்பு டெட்டால். தண்ணீர் கலக்காமல் மூடி போட்ட டப்பாவில் ஊற்றி, ராத்திரி முழுக்க ஊற விடுங்கள். காலையில் பெயிண்ட் தோல் உரிந்து நிற்கும். கையுறை போட்டுக்கொண்டு பழைய டூத் பிரஷ்ஷால் தேயுங்கள். இங்கேதான் எல்லோரும் தப்பு செய்வார்கள்: உடனே குழாயடியில் பிடிக்கக் கூடாது. தண்ணீர் பட்டதும் கரைந்த பெயிண்ட் பிசின் மாதிரி ஆகி ரிவெட்டுக்கு ரிவெட் ஒட்டிக்கொள்ளும். முதலில் டெட்டாலிலேயே இன்னொரு தடவை அலசி, துடைத்து, பிறகு பாத்திரம் கழுவும் சோப்பு. நாள்கணக்கில் ஊறவும் விடாதீர்கள், பிளாஸ்டிக் தளர்ந்துவிடும். வீடு ஒரு வாரம் ஆஸ்பத்திரி வாசனை அடிக்கும், அதற்கு நான் பொறுப்பில்லை.

குருவிக்கு: வாட்டர் பேப்பர் (தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் உப்புத்தாள்) 400, 800, 1500 மூன்றும் ஜி.பி. ரோட்டில் வண்டிப் பெயிண்ட் கடையில் கேளுங்கள், ஒரு தாள் வாங்கினால் நாலு விமானத்துக்கு வரும். திரவ சிமென்ட் மட்டும் ஆன்லைனில்தான்.

நாற்பதாம்வருடம்:
ஒருவரும் இந்த விமானத்தைப் பற்றிப் பேசவில்லையே. சென்னைக்காரர்கள் கட்டவேண்டிய விமானமே டிஃபையன்ட்தான், தெரியுமா?

இதை முதலில் ஓட்டியது பிரிட்டிஷ் விமானப்படையின் 264ஆம் ஸ்குவாட்ரன், அதாவது விமானப் பிரிவு. அதன் முழுப் பெயர் "264 (மதராஸ் பிரசிடென்சி) ஸ்குவாட்ரன்". நம் மாகாணத்தில் திரட்டிய போர் நிதிக்காகக் கிடைத்த பெயர். இன்னும் இரண்டு ஸ்குவாட்ரன்களுக்கும் இதே பெயர் உண்டு: 79, 234. முதலாவது ஹரிக்கேன், இரண்டாவது ஸ்பிட்ஃபயர். 264இன் முழக்கம் "எதிர்த்து நிற்போம்" என்ற பொருளில் இரண்டே சொல். விமானத்தின் பெயரும் அதே வேர்ச்சொல்தான்.

விமானமோ விசித்திரம். ஒற்றை இன்ஜின் சண்டை விமானம், ஆனால் முன்னோக்கிச் சுட ஒரு துப்பாக்கிகூடக் கிடையாது. ஓட்டுபவருக்குப் பின்னால் சுழலும் கூண்டு, அதில் நான்கு பிரவுனிங் துப்பாக்கி, சுட ஒரு ஆள். ஸ்பிட்ஃபயரில் இருக்கும் அதே மெர்லின் இன்ஜின், இந்தக் கூண்டின் எடையையும் சேர்த்து இழுக்கணும்.

1940 மே 13ஆம் தேதி ஹாலந்து மேல் ஆறு டிஃபையன்ட் போனது, ஐந்து திரும்பவில்லை. அதே மாதம் 29ஆம் தேதி பிரான்ஸ் கடற்கரையில் டன்கிர்க் மேலே ஒரே நாளில் 37 விமானங்களை வீழ்த்தியதாக 264 கணக்குக் கொடுத்தது. பிற்பாடு ஜெர்மன் இழப்புப் பதிவுகளோடு ஒப்பிட்டவர்கள் பாதிகூடத் தேறாது என்றார்கள். கூண்டில் இருப்பவர் எல்லோரும் ஒரே நேரத்தில் சுட்டால் ஒரு விமானத்தை மூன்று பேர் எண்ணுவார்கள், வேறென்ன. ஜூலை 19 அன்று 141ஆம் ஸ்குவாட்ரன் ஒன்பது கொண்டுபோய் ஆறை இழந்தது. அடியிலிருந்தும் நேர் எதிரிலிருந்தும் வந்தால் இதனால் ஒன்றும் செய்ய முடியாது என்பதை ஜெர்மானியர்கள் புரிந்துகொண்டார்கள். ஆகஸ்ட் கடைசிக்குப் பிறகு ராத்திரிச் சண்டைக்கு மாற்றிவிட்டார்கள், அதில் நன்றாகவே உழைத்தது.

ஆயிரத்துக்கும் மேல் செய்தார்கள். இன்று முழுசாக மிஞ்சியது ஒன்றே ஒன்று, பிரிட்டனில் விமானப்படை அருங்காட்சியகத்தில்.

சீல்பிரிக்காதவன்:
நிதி "திரட்டினார்கள்" என்கிறீர்கள். நம் தாத்தாக்கள் மனமுவந்து கொடுத்தார்களா, தாசில்தார் வந்து நின்றதால் கொடுத்தார்களா?

நெறியாளர்:
நல்ல கேள்வி, தனி இழை தொடங்குங்கள். இங்கே பிளாஸ்டிக் மட்டும்.

பரண்பெட்டி:
மதராஸ் பிரசிடென்சி விஷயத்தைச் சித்தப்பாவிடம் படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அந்தக் கடைக்காரன் இதைச் சொல்லியிருந்தா இன்னும் ரெண்டு ரூபாய் கேட்டிருப்பான்" என்றார். ஆக, கட்டுகிறோம். இரண்டு பேரும் சேர்ந்து.

ஃப்ரீசர் வேலை செய்தது. கொத்தமல்லிக் கட்டுக்குப் பக்கத்தில் ஒரு ராத்திரி வைத்தேன், காலையில் வால் இறக்கை சத்தமில்லாமல் கையோடு வந்துவிட்டது. நீலம் டெட்டாலில் போயிற்று. குழாயடி விஷயத்தை நீங்கள் சொல்லியும் ஒரு தடவை மறந்து, சொன்னது சொன்னபடி பிசின் ஆயிற்று.

இப்போது இரண்டு கேள்வி. ரிவெட்டை எல்லாம் தேய்த்துவிடவா? கட்டைவிரல் ரேகையை என்ன செய்ய?

வாட்டர்பேப்பர்400:
ரிவெட்டை அளந்து பாருங்கள். ஒரு புள்ளி 0.3 மில்லிமீட்டர் இருக்கிறது என்று வையுங்கள். 72ஆல் பெருக்கினால் நிஜ விமானத்தில் இரண்டு சென்டிமீட்டருக்கும் மேல். ரிவெட்டா அது, இறக்கையில் புள்ளிக் கோலம். தேய்த்துவிடுங்கள்.

சீல்பிரிக்காதவன்:
வேண்டாம்! அந்தப் புள்ளிதான் அந்தக் காலத்து கிட்டின் முகம். அதைத் தேய்த்துவிட்டால் மோசமான புது கிட் ஒன்று கையில் மிஞ்சும். ரேகையையும் விட்டுவிடுங்கள். சித்தப்பாவின் கைரேகை உள்ள டிஃபையன்ட் உலகத்தில் ஒன்றுதான்.

அம்பத்தூர்_டை:
ரேகை விஷயத்தில் நான் வேறு கட்சி. அது பழுதுதான். சட்டத்துத் துண்டுகளைப் பொடிப்பொடியாக நறுக்கி, காலியான சிமென்ட் பாட்டிலில் போட்டுத் திரவ சிமென்ட் ஊற்றி ஒரு ராத்திரி விட்டால் கூழ் ஆகிவிடும். அதுவே பட்டி. அதே பிளாஸ்டிக் என்பதால் தேய்க்கும்போது அதே கடினம், விளிம்பு தெரியாது. ஆனால் சுருங்கும். கொஞ்சம் மேடாகப் பூசி, நான்கைந்து நாள் தொடாமல் வையுங்கள். இப்போது காற்றில் இருக்கும் ஈரத்துக்கு ஒரு வாரமே வையுங்கள்.

பரண்பெட்டி:
ரிவெட்டுக்கு நடுவழி கண்டோம்: 800ஆல் தலையைத் தட்டி மட்டும் விட்டோம். சாய்த்துப் பிடித்தால் தெரியும்.

ரேகையைப் பற்றி இங்கே நடந்த சண்டையைச் சித்தப்பாவுக்குச் சொன்னேன். "எது? நான் பசை காயுறதுக்குள்ள அழுத்தித் தொலைச்சதா? நாப்பது வருஷமா உறுத்துதுடா அது. முதல்ல அதை அடை" என்றார். அடைத்தாயிற்று. மன்னிக்கவும், சீல் அண்ணா.

சீல்பிரிக்காதவன்:
சொந்தக்காரரே சொன்ன பிறகு நான் யார்.

நாற்பதாம்வருடம்:
நிறத்துக்கு வருவோம். மேலே டார்க் எர்த், டார்க் கிரீன், ஹம்ப்ரோல் பெயிண்டில் எண் 29, 30. சண்டை அடிப்பக்கத்தில்தான். டன்கிர்க் விமானமா, ஆகஸ்ட் விமானமா என்று முடிவு செய்யுங்கள். மே மாதம் என்றால் கீழே இடது பாதி கறுப்பு, வலது பாதி வெள்ளை. தரையில் இருக்கும் விமான எதிர்ப்புப் பீரங்கிக்காரர்கள் தங்கள் விமானத்தைத் தாங்களே சுடாமல் இருக்கச் செய்த ஏற்பாடு. ஜூன் தொடக்கத்தில்தான் ஸ்கை என்ற வெளிர்பச்சைக்கு மாறச் சொன்னார்கள், அது ஹம்ப்ரோல் 90. 264இன் தலைவர் ஃபிலிப் ஹன்டரின் விமானம் எண் என்1535, உடலில் எழுத்து பி.எஸ்-ஏ. ஆகஸ்ட் 24 அன்று அதிலேயே போய் அவர் திரும்பவில்லை. அதைக் கட்டினால் ஸ்கை. சித்தப்பா அடித்த நீலம் மட்டும் எந்த மாதத்துக்கும் பொருந்தாது.

குரோம்பேட்டை_குருவி:
முழுக்கக் கறுப்பு அடித்து ராத்திரி விமானம் ஆக்கிவிட்டால் தப்பே தெரியாதே?

வாட்டர்பேப்பர்400:
தேறிவிடுவீர்கள், குருவி.

கறுப்பு-வெள்ளை என்றால் வெள்ளையை முதலில். கறுப்பின் மேல் வெள்ளை ஆறு கோட் அடித்தாலும் சாம்பலாகத்தான் நிற்கும். லாக்கர் ஸ்ப்ரே வைத்திருப்பவர்களுக்குப் பொதுவாக ஒன்று: மழை நாளில் அடிக்காதீர்கள். தின்னர் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து காற்றின் ஈரம் அதில் படியும், பெயிண்ட் திருநீறு பூசியது போல வெளுத்துவிடும். ஐப்பசி, கார்த்திகையில் நான் கம்ப்ரஸரையே மூடி வைத்துவிடுவேன். பரண்பெட்டி எனாமல், பிரஷ் என்கிறார், அவருக்கு இந்தக் கவலை குறைவு. ஆனால் ஃபேனை நிறுத்துங்கள். வியர்த்தாலும் பரவாயில்லை, தூசி ஒட்டினால் எடுக்க முடியாது.

பரண்பெட்டி:
கறுப்பு-வெள்ளை என்று முடிவாயிற்று. டெக்காலைத் தெற்கு ஜன்னலில் ஒட்டியிருக்கிறேன். ஜிப் கவரில் போட்டு, படம் வெயிலைப் பார்க்கும்படி. பத்து நாளில் டீ நிறம் பெருமளவு வெளுத்துவிட்டது, நம் வெயிலுக்கு ஒரு கும்பிடு. ஆனால் ஓரத்தில் இருந்த ஒரு சிறிய எழுத்தைச் சோதனைக்குத் தண்ணீரில் போட்டேன். மிளகு அப்பளம் போல நொறுங்கியது.

அம்பத்தூர்_டை:
சோதித்துப் பார்த்தது நல்லதாயிற்று. தாள் முழுக்க கிளியர் லாக்கர் மெல்லிசாக இரண்டு கோட் அடித்துக் காய விடுங்கள். அதுதான் இனி படத்தைச் சேர்த்துப் பிடிக்கும். ஒவ்வொன்றையும் ஓரம் ஒட்டி வெட்டித்தான் எடுக்கணும், இல்லையென்றால் லாக்கர் மொத்தத்தையும் ஒரே தாளாக்கிவிடும்.

கண்ணாடிப் பாகத்துக்குச் சூப்பர் குளூ தொடாதீர்கள். அதன் ஆவி உள்பக்கம் வெள்ளையாகப் பூத்துவிடும். ஃபெவிகால் போதும், காய்ந்தால் தெரியாது, தப்பாக உட்கார்ந்தால் ஈரத்துணியால் துடைத்து மறுபடி வைக்கலாம்.

நாற்பதாம்வருடம்:
கூண்டுக்கு முன்னும் பின்னும் முதுகு மாதிரி மேடு இருக்கிறதே, நிஜத்தில் கூண்டு சுழலும்போது அது கீழே இறங்கிக்கொள்ளும். கிட்டில் அது நிமிர்ந்த நிலையில்தான் வார்த்திருக்கும். அதனால் துப்பாக்கி பின்னோக்கியே இருக்கட்டும். பக்கவாட்டில் திருப்பி வைத்தால் படம் எடுக்க அழகு, ஆனால் தப்பு.

காணாமல் போன ஆள் கிடைத்தாரா? கூண்டு காலியாக இருக்கக் கூடாது. நிஜத்தில் அவர் நினைத்தாலும் சுலபத்தில் வெளியே வர முடியாது, அத்தனை குறுகல்.

பரண்பெட்டி:
கிடைத்தார். நம்ப மாட்டீர்கள்.

நவராத்திரிக்குக் கொலு பொம்மைகளை இறக்க அத்தை வந்திருந்தார், சித்தப்பாவின் தங்கை. மேஜையில் விமானத்தைப் பார்த்ததும், "இதுக்குள்ள இருந்த ஆளு நம்ம பார்க்ல இருக்கானே" என்றார். கொலுவுக்குக் கீழே ராகி முளைக்கப்போட்டுப் பார்க் வைப்போம் இல்லையா, அந்தச் சாமான் டப்பாவில், தீப்பெட்டியில் செய்த பெஞ்சில் ஒட்டியபடி உட்கார்ந்திருக்கிறார். எண்பதுகளிலிருந்து ஒவ்வொரு வருடமும் பார்க்கில் காற்று வாங்கிக்கொண்டிருந்திருக்கிறார், நாங்கள்தான் கவனிக்கவில்லை. இரண்டு சென்டிமீட்டர் உயரம், சிவப்புச் சட்டை, மீசைகூட வரைந்திருக்கிறது.

வாட்டர்பேப்பர்400:
சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கிறது. சட்டையை டெட்டாலில் போடுங்கள்.

நாற்பதாம்வருடம்:
நீலச் சாம்பல் சீருடை, அதன் மேல் மஞ்சள் மிதவைச் சட்டை. தயவுசெய்து சிவப்பு வேண்டாம்.

பரண்பெட்டி:
முடிந்தது, படம் கீழே. 16.6 சென்டிமீட்டர் இறக்கை, கீழே பாதி கறுப்பு, பாதி வெள்ளை. உடலில் உள்ள பிரிட்டிஷ் வட்டச் சின்னத்தைச் சுற்றி அந்த மே மாதம்தான் சேர்த்த மஞ்சள் வளையம், அதில் ஒன்று லாக்கர் அடித்தும் இரண்டாக உடைந்தது, கூர்ந்து பார்த்தால் தெரியும். "பி.எஸ்" எழுத்துகளைச் சித்தப்பா கையால் வரைந்தார், கொஞ்சம் சாய்ந்திருக்கிறது. துப்பாக்கி பின்னோக்கி.

கூண்டை மட்டும் ஒட்டவில்லை, சும்மா செருகியிருக்கிறது. நவராத்திரி ஒன்பது நாளும் ஆள் பார்க்கில்தான் இருக்கவேண்டும், முடிந்த பிறகு எடுத்துக்கொள்ளலாம் என்பது அத்தையின் கட்டளை. சட்டையைத் தொட்டால் கொலுவுக்குச் சுண்டல் கிடையாது என்றும் சொல்லிவிட்டார். அதனால் சிவப்புதான், நாற்பதாம்வருடம் சார்.

நாற்பதாம்வருடம்:
சுண்டல் என்றைக்கு?